ஒரு கயிறு, பத்து அடி, ஒரு மலை: மதுரையின் வரலாற்றையும் இலக்கியத்தையும் வகுப்பில் நடத்தும் முறை

மதுரையில் படிக்கும் பிள்ளைக்கு மதுரைக்காஞ்சி மனப்பாடப் பகுதி. சமணர் மலை ஞாயிற்றுக்கிழமை போய்வரும் இடம். கீழடி பொது அறிவுக் கேள்வி. மூன்றும் ஒரே ஊரைப் பற்றியவை என்பது பத்தாம் வகுப்பு முடித்த பிறகும் பலருக்கு உறைப்பதில்லை. இன்னொரு பக்கம், உறைத்தவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். கண்ணகி எரித்த மதுரையும் நாயக்கர் கட்டிய மதுரையும் அவர்களுக்கு ஒரே நாளில் நடந்தவை. இரண்டாவது கோளாறுதான் பெரியது. முதலாவதை ஒரு நல்ல பாடவேளையில் சரிசெய்யலாம். இரண்டாவது ஆசிரியர்களிடமும் இருக்கிறது.

இங்கே சொல்லும் முறை எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கானது. 40 நிமிடப் பாடவேளை ஒன்பது, அரைநாள் வெளிப்பயணம் ஒன்று. கயிற்றுக்கு இரண்டு, மதுரைக்காஞ்சிக்கு இரண்டு, வரைபடத்துக்கு ஒன்று, களிமண்ணுக்கு இரண்டு, வழக்குரை காதைக்கு இரண்டு. தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து செய்யவேண்டும். தனியாகச் செய்தால் தமிழாசிரியர் கல்வெட்டை இரண்டு வரியில் தாண்டிவிடுவார், சமூக அறிவியல் ஆசிரியர் பாட்டை மேற்கோளாக மட்டும் பயன்படுத்துவார். காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் இடைப்பட்ட காலம் வசதி. வடகிழக்குப் பருவமழை நாட்களை மட்டும் மலைப் பயணத்துக்குத் தவிர்க்கவேண்டும்.

முதலில் கயிறு

பாண்டிய மன்னர் பட்டியலில் தொடங்கவேண்டாம். பட்டியல் பிள்ளைகளின் மனத்தில் தங்காது. தங்கினாலும் பெயர்கள்தான் தங்கும், இடைவெளிகள் தங்காது. வரலாற்றில் இடைவெளிதான் பாதி விஷயம்.

வராந்தாவில் தூண்களுக்கு இடையே 14 மீட்டர் நைலான் கயிற்றை நான்கடி உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். பருத்திக் கயிறு இழுபடும், ஒரு வாரத்தில் தொய்ந்து குறிகள் நகர்ந்துவிடும். எந்தக் கயிறாக இருந்தாலும் முதலில் கட்டிவிட்டுப் பிறகு அளந்து குறியிடுங்கள். தரையில் வைத்து அளந்துவிட்டுத் தூக்கிக் கட்டினால் அளவு மாறும். இடது முனை கி.மு. 600. ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு ஆண்டு. அப்படியானால் மூன்றாவது மீட்டரில் கி.மு. முடிந்து கி.பி. தொடங்கும், அங்கே ஒரு சிவப்புத் துணி முடிச்சு. கி.பி. 2000 சரியாக 13ஆவது மீட்டரில் வரும். கி.பி. ஆண்டு எதுவாக இருந்தாலும் 600ஐக் கூட்டி இரண்டால் வகுத்தால் சென்டிமீட்டர் கிடைக்கும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். வராந்தா சிறியதாக இருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு நான்கு ஆண்டு வைத்துக்கொண்டு ஆறரை மீட்டரில் முடிக்கலாம். ஆனால் கடைசி இருநூறு ஆண்டு நெரிசலாகிவிடும்.

இனி இரண்டு வகைப் பொருள் வேண்டும்: துணி காயப்போடும் கிளிப், பட்டம் செய்யும் வண்ணத்தாள். ஆண்டு உறுதியாகத் தெரிந்தவற்றுக்குக் கிளிப். ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரை 770, அதாவது 685 செ.மீ. மாலிக் காபூர் படையெடுப்பு 1311, அதாவது 955.5 செ.மீ. திருமலை நாயக்கர் மகால் 1636, 1118 செ.மீ. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டது 1889, 1244.5 செ.மீ. பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியது 1901. காந்தி மேலமாசி வீதியில் மேல்சட்டையைத் துறந்தது 1921. வைகை அணை 1959. கீழடி அருங்காட்சியகம் திறந்தது 2023. அது 13 மீட்டரைத் தாண்டி 1311.5 செ.மீட்டரில் நிற்கும், அதற்காகத்தான் 14 மீட்டர்.

காலம் உறுதியில்லாதவற்றுக்கு வண்ணத்தாள் பட்டை. எவ்வளவு கருத்து வேறுபாடு இருக்கிறதோ அவ்வளவு நீளம். மாங்குளம் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டுகளை கி.மு. 3 முதல் 2ஆம் நூற்றாண்டு என்று வைத்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர் வரை பட்டை. கீழடிக் குடியிருப்பை கி.மு. 6ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை என்று தமிழ்நாடு தொல்லியல் துறை சொல்கிறது. அது நீண்ட பட்டை. அதில் கரிமக் கணிப்பு கி.மு. 580 என்று வந்த மாதிரியை 10 செ.மீட்டரில் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். சிலப்பதிகாரத்துக்கு இரண்டாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, ஐந்து ஆறு என்பாரும் உண்டு. அந்தப் பட்டை இரண்டு மீட்டருக்கு மேல் போகும். போகட்டும். சந்தேகத்துக்கும் ஒரு நீளம் உண்டு என்று பிள்ளை கண்ணால் பார்ப்பது, "அறிஞரிடையே கருத்து வேறுபாடு உள்ளது" என்று நூறு முறை எழுதிப்போடுவதைவிட மேல்.

இந்தக் கயிறு கடைசிவரை அவிழக்கூடாது. பின்னால் வரும் ஒவ்வொரு பாடமும் அங்கே போய் நின்று முடியவேண்டும்.

மதுரைக்காஞ்சி: பத்து அடி போதும்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடி. பத்துப்பாட்டில் மிக நீளமானது. முழுவதையும் சுருக்கிச் சொல்ல முயன்றால் நாளங்காடி, அல்லங்காடி, நால்வகைப் படை என்று தலைப்புகள்தான் மிஞ்சும். 351ஆம் அடியிலிருந்து பத்து அடி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்:

மண்உற ஆழ்ந்த மணிநீர்க் கிடங்கின்
விண்உற ஓங்கிய பல்படைப் புரிசை
தொல்வலி நிலைஇய அணங்குடை நெடுநிலை
நெய்படக் கரிந்த திண்போர்க் கதவின்
மழைஆடும் மலையின் நிவந்த மாடமொடு
வையை அன்ன வழக்குடை வாயில்
வகைபெற எழுந்து வானம் மூழ்கி
சில்காற்று இசைக்கும் பல்புழை நல்இல்
ஆறு கிடந்தன்ன அகல்நெடுந் தெருவில்
பல்வேறு குழாஅத்து இசைஎழுந்து ஒலிப்ப

முதல் பாடவேளையில் பொருள் சொல்லாமல் இரண்டு முறை உரக்கப் படியுங்கள். மூன்றாம் முறை, கேட்கும் எந்தச் சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறதோ அதை மட்டும் பிள்ளைகள் எழுதட்டும்: மண், நீர், கதவு, மலை, மாடம், வையை, வாயில், வானம், காற்று, ஆறு, தெரு. பத்து அடியில் இத்தனை சொல் தெரிகிறது என்றதும் பயம் போய்விடும். பிறகு ஆறு சொல்லுக்கு மட்டும் பொருள் கரும்பலகையில்: கிடங்கு என்றால் அகழி, புரிசை மதில், நிலை கதவின் நிலை, நிவந்த உயர்ந்த, புழை சாளரம், குழாம் கூட்டம்.

அடுத்தது படம். ஊரை மேலிருந்து பார்ப்பதுபோல வரையச் சொல்லாதீர்கள். பாட்டு அப்படிப் போகவில்லை. வெளியூர்க்காரன் ஒருவன் நடந்து வந்து ஊருக்குள் நுழையும் வரிசையில் போகிறது. முதலில் அகழி, அப்புறம் மதில், நிலை, கதவு, வாயில், உள்ளே வீடுகள், தெரு, கடைசியில் சத்தம். நீளவாக்கில் மடித்த ஒரு தாளில் இடமிருந்து வலமாக இந்த வரிசையில் வரையட்டும். இருபது நிமிடம். படம் அழகாக வரவேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் கீழே அதற்குரிய அடியை எழுதியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாம் பாடவேளை கேள்விகளுக்கு. கதவு ஏன் கருத்தது? "தீப்பிடித்ததால்" என்று யாராவது சொல்வார்கள், கண்ணகி நினைவில். விடை அடியிலேயே இருக்கிறது: நெய் பட்டுப் பட்டு. நிலையில் தெய்வம் உறைகிறது என்று முந்தைய அடி சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, இந்தப் பகுதியில் ஆறு இரண்டு முறை வருகிறது, வாயிலுக்கு ஒருமுறை, தெருவுக்கு ஒருமுறை. இரண்டும் ஒரே உவமையா? இந்தக் கேள்விக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்கள். தெரு "ஆறு கிடந்தன்ன", அகலமும் நீளமும் பற்றியது. வாயில் "வையை அன்ன வழக்குடை", ஓயாத போக்குவரத்து பற்றியது. ஒன்று வடிவம், மற்றது ஓட்டம். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இதைத் தானாகப் பிடித்துவிடும். ஆசிரியர் முந்திக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

"வையை அன்ன" என்றதும் சிரிப்பு வரும். ஆண்டில் பல மாதம் மணலும் கருவேலமுமாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தச் சிரிப்பை அடக்காமல் கயிற்றுக்குக் கூட்டிப் போங்கள். பாட்டின் பட்டைக்கும் 1959 வைகை அணைக் கிளிப்புக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் தூரம். ஆனால் "அணை கட்டியதால்தான் வற்றியது" என்று அங்கேயே முடித்துவிடுவதும் தவறு. வையையைப் பாடும் பரிபாடல் பாட்டுகள் புதுப்புனல் வருவதைக் கொண்டாடுகின்றன. புதுப்புனல் கொண்டாட்டம் என்றால், அதற்குமுன் நீர் குறைந்த காலமும் இருந்திருக்கவேண்டுமே? ஒரு பாட்டை மட்டும் வைத்து ஆற்றின் வரலாற்றை எழுதமுடியாது என்பது இப்படித்தான் புரியும்.

தாமரையும் மாசி வீதியும்

பரிபாடல் திரட்டில் மதுரையைத் தாமரையோடு ஒப்பிடும் பாட்டு இருக்கிறது: ஊர் பூ, தெருக்கள் இதழ், நடுவில் உள்ள பொகுட்டு அண்ணல் கோயில், தமிழ்க் குடிகள் தாது, பரிசில் வாழ்நர் அந்தத் தாதை உண்ணும் வண்டு. அருமையான பாட்டு. இதை நடத்திய கையோடு "அதுதான் இன்றைய ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி" என்று சொல்லாத ஆசிரியர் அரிது. சொல்லக்கூடாது.

இன்று நாம் நடக்கும் சதுர வீதிகள் நாயக்கர் காலத்தில் ஒழுங்குபெற்றவை. வெளி வீதி அதைவிடப் பின்னால் வந்தது: 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில், கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது உண்டான இடம். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் அந்த வேலையைப் பார்த்தவர்களுடையவை. விளக்குத்தூண் பிளாக்பர்னுக்காக ஊரார் நிறுத்தியது. பாட்டில் வரும் "கோயில்" கூட அரசனின் இல்லம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. பிள்ளைகள் மீனாட்சி கோபுரத்தை நினைத்துக்கொள்வார்கள்.

இதைக் காட்ட ஒரு ஏ3 தாளும் ஒரு டிரேசிங் தாளும் போதும். ஏ3 தாளில் இன்றைய வீதிகளை ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து சதுரமாக வரைந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது எந்தக் காலத்தது என்று எழுதட்டும். டிரேசிங் தாளில் பரிபாடல் சொல்வதை மட்டும் வைத்துத் தாமரை வரையட்டும். ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் சில இடம் பொருந்துவதுபோலத் தெரியும். நடுவில் ஒரு பெரிய கட்டடம், சுற்றித் தெருக்கள் என்ற கருத்து நீடித்திருக்கிறது என்றுவரை சொல்லலாம். அதற்குமேல் சொல்ல நம்மிடம் சான்று இல்லை.

மூன்று நெடுஞ்செழியன்கள்

களிமண்ணுக்குப் போகுமுன் ஒரு சிக்கலை அவிழ்த்தாக வேண்டும். மதுரைக்காஞ்சியின் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். சிலப்பதிகாரத்தில் நீதி தவறியதை உணர்ந்து உயிர்விட்டவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். மாங்குளம் மலையில் கணிநந்தன் என்ற சமணத் துறவிக்கு நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி கற்படுக்கை செய்துகொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அங்கேயும் ஒரு நெடுஞ்செழியன். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்று என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் ஒரே பெயருள்ள இரண்டு பிள்ளைகளை எழுப்பிக் காட்டினால் போதும்.

பலகையில் மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வரி: எதில் வருகிறது, அதில் என்ன செய்கிறான், வேறெங்காவது சாட்சி உண்டா. மூன்றாவது வரியில்தான் ருசி. தலையாலங்கானத்தானுக்கு வலுவான சாட்சி உண்டு: புறநானூறு 72 அவனே பாடியது, அதில் பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் முதலான புலவர் தன் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்று வஞ்சினம் கூறுகிறான். புலவர் அரசனைப் பாடினார், அரசன் புலவர் பெயரைச் சொல்லிப் பாடினான். இரண்டு பக்கமும் பொருந்துகிறது. ஆரியப்படை கடந்தவன் பெயரில் புறநானூறு 183, "உற்றுழி உதவியும்" என்று கல்வியைப் பற்றிப் பாடியது, இருக்கிறது. ஆனால் அதில் சிலம்பு வழக்கு பற்றிப் பேச்சே இல்லை. மாங்குளத்து நெடுஞ்செழியன் இந்த இருவரில் ஒருவனா என்பதைக் கல் சொல்லவில்லை. அந்த இடத்தைக் கேள்விக்குறியோடு விட்டுவிடுங்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று நிரப்பத் தோன்றும். நிரப்பினால் அந்தப் பாடமே வீண்.

களிமண் கல்வெட்டு

நாற்பது பேர் என்றால் ஐந்து பேராக எட்டுக் குழு. விளாச்சேரியில் பொம்மை செய்பவர்களிடம் பதப்படுத்திய களிமண் கிடைக்கும். குழுவுக்கு ஒன்றேகால் கிலோ வீதம் பத்து கிலோ. 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனத்தில் பலகை தட்டவேண்டும். இதைவிட மெலிந்தால் காயும்போது வளையும். அடியில் செய்தித்தாள் வைத்துத் தட்டினால் ஒட்டாமல் எடுக்கலாம். பலகையை ஈரத்துணி போட்டு ஒரு இரவு விட்டு மறுநாள் எழுதுங்கள். தட்டிய உடனே கீறினால் ஆணி இழுக்கும் இடத்தில் மண் பிதுங்கி எழுத்தை மூடிவிடும். இரண்டு நாள் விட்டால் ஓரம் பெயரும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியவேண்டும், மண் விரலில் ஒட்டக்கூடாது; அதுதான் பதம்.

தமிழி எழுத்து அட்டவணையை முதல் பாடவேளையிலேயே ஒட்டிவையுங்கள். எல்லா எழுத்தையும் கற்பிக்கவேண்டாம். ஒவ்வொரு குழுவும் தன் வாசகத்துக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு எழுத்தை மட்டும் தேடி எடுக்கட்டும். வாசகம் மாங்குளம் பாணியில் இருக்கவேண்டும்: யாருக்கு, யார், என்ன செய்து கொடுத்தார். ஐந்து சொல்லுக்கு மேல் கூடாது. விதி இரண்டு: சொல்லுக்கிடையே இடம் விடக்கூடாது, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கக்கூடாது. தொடக்ககாலக் கல்வெட்டுகளில் புள்ளி இல்லை. எழுதியதும் நிழலில் மூன்று நாள் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் குறுக்கே விரிசல் விடும், எட்டில் நான்கு போய்விடும்.

உலர்ந்த பிறகு மெல்லிய வெள்ளைத்தாளை மேலே வைத்து, கிரேயான் குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து வெள்ளையாக விழும். குழுக்கள் தாளை மாற்றிக்கொண்டு மற்றவர் வாசகத்தைப் படிக்கவேண்டும். அப்போதுதான் சண்டை தொடங்கும்: இது "கல்" என்பாள் ஒருத்தி, "கல" என்பான் இன்னொருவன். மண்ணில் கீறிய பழுதும் எழுத்தின் கோடுபோலத் தெரியும். ஒரே கல்வெட்டை இரண்டு அறிஞர் இரண்டு விதமாகப் படிப்பது ஏன் என்று இனி விளக்கவே வேண்டியதில்லை.

சமணர் மலை

கீழடியையும் சமணர் மலையையும் மகாலையும் ஒரே நாளில் பார்க்கும் சுற்றுலா எதற்கும் உதவாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகள் வீட்டாரோடு போய்க்கொள்ளலாம் (வார விடுமுறை எந்த நாள் என்று முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும்). கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வழிகாட்டி தேவை, அதனால் பள்ளி அதைச் செய்வது நல்லது.

காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் இருக்கவேண்டும். பத்தரைக்குமேல் பாறை சுடும். நாற்பது பேருக்கு நான்கு பெரியவர்கள், ஒருவர் எப்போதும் கடைசியில். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, அடி வழுக்காத செருப்பு. தேனடை இருக்கும் இடங்களில் சத்தமும் வாசனைத் திரவியமும் கூடாது. வழுக்கும் பாறையில் ஓடவிடக்கூடாது. மழை பெய்த மறுநாள் போகவே கூடாது.

செட்டிப்புடவில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பத்தையும் குகைக்குள் இருக்கும் சிற்ப வரிசையையும் பாருங்கள். உள்ளே சிங்கத்தின்மேல் அமர்ந்து வில்லேந்தி, யானைமேல் வரும் வீரனோடு பொரும் இயக்கி (சமணப் பெண்தெய்வம்) ஒருத்தி இருக்கிறாள். "துர்க்கை" என்று பத்துக் குரல் வரும். மறுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தலைக்குமேல் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். முக்குடை, அதாவது தீர்த்தங்கரர் தலைக்குமேல் வரும் மூன்றடுக்குக் குடை, என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். இது யாருடைய கோயில் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். பேச்சிப்பள்ளத்தில் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர் பெயர்கள் இருக்கின்றன.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ பூசுவது பெருந்தவறு. பள்ளிக் குழுக்கள் இதை இன்னமும் செய்கின்றன. தூள் எழுத்தின் குழியில் தங்கிப் பாறையைக் கெடுக்கும். பூசுபவர் எதை எழுத்து என்று நினைத்தாரோ அதுவே எழுத்தாகிவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அது குற்றமும்கூட. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் போதும். காலைச் சாய்வெயில் படாத பாறையென்றால், டார்ச் விளக்கைப் பாறையை ஒட்டினாற்போல் பக்கத்திலிருந்து பிடியுங்கள்; எழுத்தின் குழியில் நிழல் விழுந்து வரி எழும்பும். நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது.

பயிற்சித்தாளில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். பத்துக் கேள்வி கொடுத்தால் பிள்ளைகள் தாளைத்தான் பார்ப்பார்கள். தொடாமல், தள்ளி நின்று, ஆள் உயரத்தை வைத்துச் சிற்பத்தின் உயரத்தை மதிப்பிடுவது ஒன்று. ஏதாவது ஒரு சிற்பத்தை ஐந்து நிமிடம் பார்த்து வரைவது ஒன்று. இங்கே தங்கியவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும் என்பது ஒன்று.

மலையில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: சமணர்களைக் கழுவேற்றினார்களாமே? பேச்சை மாற்றவேண்டாம், பள்ளிக்கு வந்து கயிற்றில் பதில் தேடுங்கள். சம்பந்தரும் பாண்டியன் நெடுமாறனும் 7ஆம் நூற்றாண்டு, ஆறேகால் மீட்டர் பக்கம். கதையை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு, கிட்டத்தட்ட எட்டேமுக்கால் மீட்டர். இடையே இரண்டரை மீட்டர், ஐந்நூறு ஆண்டு. இன்று காலை பார்த்த சிற்பங்கள் 9, 10ஆம் நூற்றாண்டு, ஏழிலிருந்து எட்டு மீட்டர் வரை. அதாவது சம்பந்தருக்கு இருநூறு ஆண்டுக்குப் பிறகும் இங்கே சமணப் பள்ளி செழிப்பாக இருந்திருக்கிறது. சமய மோதல் இருந்தது பாடல்களிலேயே தெரிகிறது. ஒட்டுமொத்தமாக அழித்தார்கள் என்ற கதையோடு மலை ஒத்துப்போகவில்லை. இதைச் சொல்லும்போது எந்தச் சமயத்துப் பிள்ளையையும் பார்த்துச் சொல்லவேண்டாம், கயிற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வழக்குரை காதை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் 13 காதை. மலைக்குப் போய்வந்த வாரத்தில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரியிடம் அடைக்கலம் தரும் இடத்தைச் சொல்லிவிட்டால், சமணத் துறவி என்றால் யார் என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். அதன்பின் நேரே வழக்கு.

இதை நாடகமாகப் போட்டால் கண்ணகி கத்துவாள், மன்னன் விழுவான், வகுப்பு கைதட்டும், சினிமா வசனம் மட்டும் மிஞ்சும். விசாரணையாக நடத்துங்கள். முதல் பாடவேளையில் கொலைக்களக் காதையிலிருந்து ஒரே ஒரு ஆணை: "கன்றிய கள்வன் கையது ஆகில், கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு." இதில் நிபந்தனை எது, தண்டனை எது, யார் சோதிக்கவேண்டும் என்று அரசன் சொன்னான்? சொல்லவில்லை. அந்த ஓட்டையில்தான் ஓர் உயிர் போனது. காவலர் சிலர் தயங்கியதையும், பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்களை நம்பவைத்ததையும், கடைசியில் "கல்லாக் களிமகன் ஒருவன்" வாளை வீசியதையும் சாட்சிகளாக வரவழைக்கலாம். அரசன், பொற்கொல்லன், தயங்கிய காவலன், களிமகன், கோப்பெருந்தேவி, வாயிற்காவலன், கண்ணகி: ஏழு பேர். மீதிப் பேர் நான்கு குழுவாகக் கேள்வி தயாரிப்பார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் நூலில் அடி காட்டவேண்டும். காட்டமுடியாத பதில் செல்லாது.

இரண்டாம் பாடவேளைக்குச் சான்றுப்பொருள். அட்டையால் குழலாகச் செய்த இரண்டு சிலம்பு, வெளியே ஒன்றுபோல் தங்கத்தாள் ஒட்டியது. ஒன்றில் ஜவ்வரிசி, முத்துக்காக. இன்னொன்றில் மஞ்சாடி விதை, மாணிக்கத்துக்காக. சிவப்பாக இருக்கிறதென்று குன்றிமணியைப் போடாதீர்கள், அது நஞ்சு. உடைப்பதற்குமுன் ஆட்டிக் கேட்கச் சொல்லுங்கள், வித்தியாசம் தெரிகிறதா என்று. தெரிவதுபோலவும் இருக்கும், தெரியாததுபோலவும் இருக்கும். "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்று அரசன் தானே சொன்ன பிறகுதான் கண்ணகி உடைக்கிறாள் என்பதைக் கவனிக்கவையுங்கள். எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு சான்றைக் காட்டுகிறாள்.

மதுரை எரிந்தது உண்மையா என்று கேட்பார்கள். சிலப்பதிகாரம் காப்பியம், அதைக்கொண்டு தீ விபத்துக்குத் தேதி குறிக்கமுடியாது. அதே வேளை, கூல (தானிய) வீதி, அறுவை (துணி) வீதி, பொன் விற்கும் வீதி என்று ஊர்காண் காதை அடுக்குவதை ஒரு நகரத்தைப் பார்த்துப் பழகியவர்தான் எழுதியிருக்கமுடியும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்துக்கு இன்னொரு கட்டம். தருமிக்குப் பாட்டுக் கொடுத்தது புராணம். அந்தப் பாட்டு, "கொங்குதேர் வாழ்க்கை", குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இருப்பது நூற்செய்தி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதும் மாணவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல், வாக்கியத்தை இரண்டாக வெட்டி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள்.

மதிப்பீடு

"மதுரைக்காஞ்சி குறிப்பு வரைக" வேண்டாம். ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி போதும்: மதுரையைப் பற்றி உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு செய்தியும் உறுதியில்லாத ஒரு செய்தியும் எழுதி, ஒவ்வொன்றும் எதிலிருந்து தெரிகிறது என்று சொல்க. உறுதியான செய்திக்கு ஒன்று, அதன் சான்றுக்கு ஒன்று, உறுதியில்லாததற்கு ஒன்று, ஏன் உறுதியில்லை என்பதற்கு இரண்டு. கடைசி இரண்டு மதிப்பெண்ணை "அறிஞர்கள் வேறுபடுகின்றனர்" என்ற ஒற்றை வரிக்குக் கொடுத்துவிடாதீர்கள். பட்டை ஏன் அவ்வளவு நீளம் என்று எழுதியிருக்கவேண்டும்.